எறும்பின் நஞ்சு: சுண்ணாம்பு முறிப்பதும் முறிக்காததும்

ரெட்டிபாளையம், கல்லங்குறிச்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பூமி சுண்ணாம்புக்கல் பூமி. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி கடலடியாக இருந்த காலத்தில், சிப்பிகளும் பிற கடல்வாழ் உயிர்களும் மடிந்து படிந்து இறுகியதால் உண்டான கல்லே இன்று வெட்டப்பட்டுச் சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கின்றது. தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் குளவி கொட்டினாலும் எறும்பு கடித்தாலும் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டு வேலையைப் பார்க்கச் செல்வோர் பலர். ‘எறும்பின் நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், காரம் அமிலத்தை முறிக்கும்’ என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பள்ளிக்கூடத்து இரசாயனப் பாடமும் இதனையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றது.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. சில எறும்புகளின் நஞ்சு அமிலமே. ஆயினும் நம் வரப்புகளிலும் கொல்லைகளிலும் திரியும் வேறு சில எறும்புகளின் நஞ்சில், சுண்ணாம்பினால் எவ்வகையிலும் முறிக்க இயலாத புரதப் பொருள்கள் அடங்கியுள்ளன. அளவில் மிகச் சிறியவையான இப்புரதங்களே சிலருடைய உயிருக்கு ஊறு விளைவிக்கின்றன. சுண்ணாம்பு தடவியாயிற்று என்று நம்பிக் காத்திருக்கும் அரை மணி நேரம், அத்தகையோருக்கு விலைமதிப்பற்ற நேரமாகும். ஆதலின் எறும்பின் நஞ்சு யாது, அதில் உள்ளவை எவை, அவை என்ன செய்கின்றன என்பனவற்றை உழவரும் நெசவாளரும் ஒருமுறை அறிந்துகொள்வது நலம்.

அமிலம் பீய்ச்சும் எறும்புகள்

விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்டு வகைப்படுத்தியுள்ள எறும்பினங்கள் 14,000க்கு மேற்பட்டவை. நம் தேவைக்கு இவற்றுள் இரு வகைகளை அறிந்தால் போதும். ஒன்று, கொடுக்கு இல்லாமல் அமிலத்தைப் பீய்ச்சும் வகை. மற்றொன்று, கொடுக்கினால் குத்தி நஞ்சை உடலுக்குள் செலுத்தும் வகை.

மாமரத்திலும் முந்திரி மரத்திலும் இலைகளைக் கூட்டிக் கூடு கட்டும் முசுறு முதல் வகையைச் சேர்ந்தது. தரையில் ஊரும் பெரிய கட்டெறும்பும் அவ்வகையே. இவை தாடைகளால் கடித்துப் பிடித்துக்கொண்டு, வயிற்றின் நுனியை முன்புறம் வளைத்து, கடிவாயில் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. எரிச்சல் உண்டாவது இதனால்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு இயற்கை நூலறிஞர் ஜான் ரே, எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் இவ்வமிலம் கிடைக்கும் என்பதை வெளியிட்டார். எறும்பைக் குறிக்கும் ‘பார்மிகா’ என்னும் இலத்தீன் சொல்லை ஒட்டி இதற்குப் பார்மிக் அமிலம் என்று பெயர் ஏற்பட்டது. நெசவுத் தொழிலுக்கு இவ்வமிலம் அந்நியமானதன்று. பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றும்போது சாயத் தொட்டியில் அசெட்டிக் அமிலமோ பார்மிக் அமிலமோ சேர்ப்பதுண்டு. ரப்பர்ப் பாலை உறையச் செய்வதற்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தொழிலுக்கு வேண்டிய அமிலம் இப்பொழுது ஆலைகளில் செய்யப்படுவது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அமிலம்தானே என்று இதனை முற்றிலும் அலட்சியம் செய்துவிடவும் இயலாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலுள்ள கரந்தமலைக் காட்டை அடுத்த சிற்றூர்களில், மஞ்சள் கிறுக்கெறும்பு என்னும் இனம் அளவின்றிப் பெருகியது. தொட்டால் நேர்வழியில் செல்லாது நாற்புறமும் தாறுமாறாக ஓடுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. ஆடு மாடுகளின் கண்களில் அவை மொய்த்து அமிலத்தைப் பீய்ச்சியதால் கால்நடைகள் பார்வை இழந்தன என்றும், சில மடிந்தன என்றும் அவ்வூர் மக்கள் முறையிட்டனர். இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே இனம் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து பெருகி, ஒரு கோடிக்கு மேற்பட்ட செந்நண்டுகளை இவ்வமிலத்தைப் பீய்ச்சியே கொன்றிருக்கின்றது. ஓர் எறும்பின் அமிலம் அற்பமே. பல்லாயிரம் எறும்புகளின் அமிலம் அற்பமன்று.

கொடுக்குள்ள எறும்புகள்

எறும்பு குளவியின் வழித்தோன்றல். பர்மாவில் கிடைக்கும் பழைய மரப்பிசின் கட்டிகளுள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட எறும்புகள் அப்படியே அடைபட்டுக் கிடக்கின்றன. ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் படிவதற்கும் முன்னரே எறும்பினம் தரையில் தோன்றிவிட்டது என்பது இதனால் விளங்கும். மூதாதையான குளவியிடமிருந்து பெற்ற கொடுக்கை முசுறு போன்ற சில கூட்டங்கள் காலப்போக்கில் இழந்துவிட்டன. வேறு பல இனங்கள் இன்றும் அதனை வைத்துக்கொண்டிருக்கின்றன. இக்கொடுக்கு முட்டையிடும் உறுப்பு திரிந்து உண்டானது. ஆதலின் பெண்ணினத்தைச் சேர்ந்த வேலைக்கார எறும்புகளும் இராணியுமே கொட்ட வல்லவை.

நம் வயல்களில் காணப்படும் கொடுக்குள்ள எறும்புகளில் முதலாவதாகக் குறிக்கத்தக்கது நெருப்பெறும்பு. செம்பழுப்பு நிறமுடைய இச்சிற்றெறும்பின் கூட்டிலே சிறியவையும், தலை பெருத்த பெரியவையும் கலந்திருக்கும். வரப்பிலும் கொல்லையிலும் தளர்ந்த மண்ணைக் குவித்து வாழும். இது நம் நாட்டுப் பிராணியன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்சின் மணிலாவுக்குச் சென்ற ஸ்பானிய வணிகக் கப்பல்களின் வழியாகவே இது ஆசியாவை அடைந்தது என்பதை, எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர்.

நெருப்பெறும்பு தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, தான் நின்ற இடத்திலேயே சுழன்று பலமுறை கொட்டும். கடி என்று நாம் கூறுவது பிடிப்பு மாத்திரமே. வேதனை தருவது கொட்டு. மறுநாள் கொட்டிய இடத்தில் வெண்ணிறக் கொப்புளம் தோன்றும். இக்கொப்புளத்துக்குக் காரணம் பைப்பெரிடின் என்னும் வகையைச் சேர்ந்த எண்ணெய் போன்ற இரசாயனப் பொருள்கள். நெருப்பெறும்பு இனங்களின் நஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இவையே. இவை அமிலமல்ல, காரத்தன்மை உடையவை. காரத்தின் மேல் காரமான சுண்ணாம்பைத் தடவுவதால் விளையும் பயன் என்ன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, மரத்தில் வாழும் ஒல்லியான நீண்ட எறும்பு. தலையும் வயிறும் கரியவை. இடையிலுள்ள மார்பு செம்பழுப்பு. பட்டுப்போன கிளைகளின் பொந்துகளில் குடியிருக்கும். விறகு வெட்டுவோரும் மரம் ஏறுவோரும் இதனிடம் கொட்டுப்படுவது உண்டு. இவ்வெறும்பு கொட்டியதால் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தோரைப் பற்றித் தாய்லாந்து மருத்துவர்கள் எழுதியுள்ளனர். அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றுள்ள நம்மவர்கள் அறிய வேண்டியது மூன்றாவது இனம். அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் ‘சம்சம்’ என்று வழங்கும் கரிய எறும்பு கொட்டியதால் மரணங்களும் நேர்ந்திருக்கின்றன.

புரதம் என்பது யாது?

புரதம் என்றவுடன் துவரையும் உளுந்தும் பாலும் முட்டையும் நினைவுக்கு வரும். நெசவாளருக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. அவர் கையில் ஓடும் பட்டிழையே புரதந்தான். இழையின் உட்பகுதி ஒரு புரதம். சாயமேற்றுமுன் வேகவைத்து நீக்கும் பசை மற்றொரு புரதம். புரதம் எதுவாயினும் அமினோ அமிலம் எனப்படும் 20 வகைச் சிறு மணிகளைக் கோத்த மாலையே ஆகும். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்னும் வரிசையே அதன் குணத்தை நிர்ணயிக்கின்றது. ஒரே பாவில் இழையெடுக்கும் முறையை மாற்றினால் வேறு வேறு புட்டா விழுவதைப் போன்றது இது. பட்டில் அம்மாலை ஆயிரக்கணக்கான மணிகள் கொண்டது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ‘துப்பாக்கிக் குண்டு எறும்பு’ என்பதன் நஞ்சிலுள்ள பொனெராடாக்சினில் 25 மணிகளே உள்ளன. ஆயினும் அச்சிறு மாலை நரம்பில் செய்தி கடத்தும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து, ஒரு பகலும் ஓர் இரவும் தாளாத வேதனையைத் தந்துவிடுகின்றது.

நஞ்சில் உள்ள புரதங்கள் செய்யும் வேலை

எறும்பு நஞ்சின் புரதங்களை அவை செய்யும் தொழிலை ஒட்டி வகைப்படுத்தினால் எளிதில் விளங்கும்.

முதலாவது, பாஸ்போலைபேஸ் என்னும் நொதி. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை சூழ்ந்துள்ளது. இந்நொதி அவ்வுறையை அரித்து உடைக்கின்றது. உயிரணுவின் உள்ளீடு வெளியே கசிய, வேதனையும் வீக்கமும் தோன்றுகின்றன.

இரண்டாவது, ஹயலுரானிடேஸ் என்னும் நொதி. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதைப் போல உயிரணுக்களுக்கு இடையே ஒரு பசைப் பொருள் உண்டு. இந்நொதி அப்பசையைக் கரைத்து மற்ற நஞ்சுப் பொருள்களுக்கு வழி திறந்துவிடுகின்றது. தானே கொல்லும் வலிமை இதற்கில்லை; கதவைத் திறந்துவிடுவதே இதன் வேலை.

மூன்றாவது, பெப்டைடு எனப்படும் சிறு மாலைகள். சில உயிரணு உறையில் துளையிடுகின்றன. சில நரம்பைத் தாக்கி இரையை முடக்குகின்றன. சில கிருமிகளைக் கொல்லுகின்றன.

நான்காவது, ‘ஐந்தாம் ஒவ்வாமைப் பொருள்’ என்று பெயர் பெற்ற புரதம். குளவி நஞ்சிலும் இதற்கு உறவான புரதம் இருக்கின்றது. குளவியும் எறும்பும் ஒரே குடும்ப வழியின என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நெருப்பெறும்பின் நெருங்கிய உறவான தென் அமெரிக்க இனம் ஒன்றின் நஞ்சை 2012ஆம் ஆண்டில் பகுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் அதில் 46 புரதங்களை அடையாளம் கண்டனர். இத்தனை புரதங்களும் சேர்ந்து அந்நஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினவே. ஒரு கொட்டில் உடலுக்குள் செல்லும் புரதம், ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கை மிஞ்சாது.

எறும்புக்கு நஞ்சினால் ஆவன

நம்மைத் துன்புறுத்துவதற்காக இயற்கை எறும்புக்கு நஞ்சைக் கொடுக்கவில்லை. இரையை அடக்குவதும், கூட்டைக் காப்பதும் அதன் முதற்பயன்கள். கூட்டைத் துப்புரவாக வைப்பது மற்றொரு பயன். ஈரமும் இருளும் நிறைந்த கூட்டுக்குள் ஆயிரக்கணக்கான உயிர்கள் நெருங்கி வாழுமிடத்தில் பூஞ்சைக் காளானும் கிருமிகளும் எளிதில் பரவும். நெருப்பெறும்பு தன் நஞ்சை நுண்துளிகளாகக் குஞ்சுகளின் மீது தெளித்து அவற்றைக் காக்கின்றது. அமில வகை எறும்புகளுள் சில, அமிலத்தை வாயில் எடுத்துக் குஞ்சுகளின் மேல் பூசுவதை 2013ஆம் ஆண்டில் விளக்கினர். தம் அமிலத்தைத் தாமே சிறிது விழுங்கி, உணவோடு வந்த கிருமிகளை இரைப்பையிலேயே அழித்துவிடும் எறும்புகளும் உள்ளன என்பது 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அமிலத்தால் முறியும் நஞ்சும் உண்டு என்பது வேடிக்கையான செய்தி. அமெரிக்காவில் ஒருவகைக் கிறுக்கெறும்பு, நெருப்பெறும்பின் நஞ்சு தன் மேல் பட்டவுடன் பார்மிக் அமிலத்தை எடுத்து உடல் முழுவதும் பூசிக்கொண்டு பிழைத்துவிடுகின்றது. 2014ஆம் ஆண்டில் கண்டறிந்த உண்மை இது. எறும்பின் மேல்தோலில் ஒட்டிய நஞ்சுக்கே அவ்வைத்தியம் பலிக்கும். மனிதனின் தோலுக்கு அடியில் ஊசி போலச் செலுத்தப்பட்ட நஞ்சுக்கு மேற்பூச்சு எதுவும் எட்டாது.

அணுவளவு புரதம் ஆளை வீழ்த்துவது எவ்வாறு?

கொட்டு வாங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு எரிச்சல், தடிப்பு, கொப்புளம் என்பவற்றோடு துன்பம் தீர்ந்துவிடும். மிகச் சிலருக்கு மாத்திரம் உடல் முழுவதும் கொந்தளிக்கின்றது. இதன் காரணம் நஞ்சின் அளவன்று. அவருடைய உடல் அப்புரதத்தை முன்னரே ‘பகைவன்’ என்று குறித்து வைத்திருப்பதே.

1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் ரிஷே, கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது செலுத்தினார். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தியபோது நிமிடக் கணக்கில் இறந்தது. இதனை ஆராய்ந்ததற்காக 1913ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளே இதற்குக் காரணம் என்பது 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. முதற்கொட்டில் நுழைந்த புரதத்துக்கு எதிராக உடல் இவ்வெதிர்ப்பொருளைச் செய்து வைத்துக்கொள்ளுகின்றது. அடுத்த கொட்டில் அதே புரதம் மீண்டும் நுழையுமாயின், உடலெங்கும் உள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்கின்றது. மூச்சுக் குழல் சுருங்குகின்றது. ‘எனக்குப் பலமுறை கொட்டியிருக்கிறது, ஒன்றும் நேரவில்லை’ என்று கூறுவோர்க்கும் இவ்வொவ்வாமை பின்னர் ஏற்படக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மானியாத் தீவில் குதித்துத் தாக்கும் எறும்பு ஒன்று உண்டு. அத்தீவின் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் அதன் நஞ்சுக்கு ஒவ்வாமை உடையோர். அந்நஞ்சையே மிக நுண்ணிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி ஊசி வழியே செலுத்தி, உடலைப் பழக்கும் சிகிச்சை பலன் தருகின்றது என்பதை 2003ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். எதிரி என்று உடல் எண்ணிய புரதத்தையே மருந்தாக்கியது இச்சிகிச்சை.

கொட்டுப்பட்டவுடன் செய்ய வேண்டுவன

எறும்புகளை உடனே தட்டிவிட்டு, அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். கொப்புளத்தைக் கிள்ளி உடைத்தலாகாது, உடைத்தால் புண்ணாகும். முசுறு போன்றவற்றின் அமிலத்துக்கும் தூய நீரே போதுமானது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் இயல்புடையது. கண்ணில் அமிலம் பட்டால் கால் மணி நேரமாவது நீரை விட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணருகில் சுண்ணாம்பைக் கொண்டு செல்லவே கூடாது. அமிலத்தினும் சுண்ணாம்பு கண்ணுக்குப் பொல்லாதது.

கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழும்புதல், உதடும் நாக்கும் முகமும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் அபாயம் என்று கொள்ளுக. இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். அவரை நடக்க விடாமல் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துக. மூச்சுத் திணறல் மிகுந்திருந்தால் சாய்ந்து உட்காரச் செய்க. 108 எண்ணுக்குச் சொல்லி வாகனம் வரவழைத்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்க. தொடையின் வெளிப்புறத் தசையில் மருத்துவர் போடும் அட்ரினலின் ஊசியே இதற்குரிய முதல் மருந்து. மாத்திரையோ பச்சிலையோ சுண்ணாம்போ அதற்கு ஈடாகாது. ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவர் தம் ஒவ்வாமையை வீட்டாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

எறும்புகளை எல்லாம் ஒழிக்கலாமா?

இத்தனையும் படித்த பின்னர், மருந்தடித்து எறும்புகளை அடியோடு ஒழித்துவிடலாமே என்று சிலர் கருதக்கூடும். அது நட்டமான யோசனை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரி பயிரிடுவோர் முசுற்றைத் தொல்லை என்றே எண்ணுகின்றனர். ஆனால் முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்யும் தேயிலைக் கொசுவுக்கு முசுறு எமன். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து நடந்த ஆராய்ச்சிகளில், முசுறு குடியேறிய முந்திரி மரங்களில் பூச்சிச் சேதம் குறைந்தது தெரியவந்தது. சீன நாட்டில் கி.பி. 304 அளவிலேயே ஆரஞ்சுத் தோட்டக்காரர் இவ்வெறும்பின் கூடுகளை விலை கொடுத்து வாங்கி மரங்களில் கட்டினர். மாவுப்பூச்சி போன்ற சாறுண்ணிகளை அது தேனுக்காகப் பேணுவது ஒரு குறையே. எனினும் வரவு செலவு பார்த்தால் வரவே மிகுதி. முந்திரிக்கொட்டை தரையில் விழுந்த பின்னரே பொறுக்கப்படுவதால், மரத்து முசுற்றுடன் நாம் போராட வேண்டிய நேரமும் குறைவு.

இம்முசுறு நெசவாளருக்கும் உறவுடையது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தம் இளம்புழுக்களை வாயில் கவ்வி, தறியில் நாடா ஓடுவதைப் போல இலைக்கு இலை கொண்டு செல்லுகின்றன. புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளைத் தைத்துவிடுகின்றது. அதுவும் புரதமே.

எனவே நாம் ஒதுக்க வேண்டியவை சிலவே. வீட்டு வாயிலிலும் களத்துமேட்டிலும் பிள்ளைகள் ஆடும் இடத்திலும் உள்ள நெருப்பெறும்புப் புற்றுகளை மட்டும் அகற்றினால் போதும். வரப்பில் வேலை செய்வோர் முழுக்கால் மூடிய காலணி அணிவது நலம். விறகு வெட்டுமுன் பட்டுப்போன கிளையைத் தட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சள் கிறுக்கெறும்பு பெருகிய இடத்து மண்ணையும் நாற்றையும் பிற ஊருக்கு எடுத்துச் செல்லாமல் வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். மேலே கூறிய அபாய அறிகுறிகளையும் 108 என்னும் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம் தொடங்குமுன் ஒட்டிவைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது பசையுமே.